நாள் பார்க்கிறோம், மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கிறோமா?

ஹெர்னியாவோ, கர்ப்பப்பையோ, மூட்டோ, அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் நம் வீடுகளில் முதலில் காலண்டரைத்தான் புரட்டுவார்கள். அஷ்டமி நவமி கூடாது, ஆடி கழியட்டும், பேத்திக்குப் பரீட்சை முடியட்டும். தப்பில்லை. தள்ளிப்போட முடிவதுதான் இந்த ஆபரேஷன்களின் பெரிய வசதியே. ஆனால் அந்த அவகாசத்தில் முடிக்க வேண்டிய முக்கியமான வேலையை மட்டும் முந்தைய நாள் வரை விட்டுவைக்கிறோம்.

“ஃபிட்னஸ் வாங்கிட்டு வந்துடுங்க” என்பார் சர்ஜன், அதாவது உடம்பு ஆபரேஷனைத் தாங்கும் என்ற சான்று. நாமும் தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்குவதுபோல ரத்தம், ஈசிஜி, எக்கோ என்று ஓடி, கடைசியில் ஒரு கையெழுத்தோடு திரும்புவோம். என்னைக் கேட்டால், அந்த ஃபைலைவிட மயக்க மருந்து டாக்டர் உட்கார்ந்து விசாரிக்கும் கால் மணி நேரம்தான் பெரிது. அமெரிக்கா, கனடாவில் 18,000-க்கும் மேற்பட்ட கண்புரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான டெஸ்டுகள் எல்லாம் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு, புதிதாக ஏதாவது தொந்தரவு தெரிந்தால் மட்டும். சிக்கல்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கண்புரை சின்ன ஆபரேஷன், இதைக் கொண்டுபோய் பைபாஸுக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

பெரியப்பாவின் ஹெர்னியாவுக்குக் கூடப் போயிருந்தேன். மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்னப் பெண். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, “ஐயா, வாயை நல்லா திறங்க, நாக்கை நீட்டுங்க” என்றார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். ஆடுகிற பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். தொண்டைக்குள் குழாய் போட வேண்டி வந்தால் எவ்வளவு கஷ்டம் என்பதற்கான கணக்கு அது. மாடி ஏறினால் மூச்சு வாங்குதா, ராத்திரி குறட்டை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமல் போயிருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தார். “பீடியெல்லாம் விட்டாச்சும்மா” என்றார் பெரியப்பா. “எப்போ?” என்றார் பெரியம்மா. எக்கோவில் இதெல்லாம் வராது.

அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். இப்போது சர்க்கரைக்குப் பரவலாகத் தரும் டாபாகிளிஃப்ளோசின் அதில் இருந்தது. அந்த வகை மாத்திரையோடு பட்டினியும் ஆபரேஷனும் சேர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். அதனால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் சொன்னது. முந்தைய சாயங்காலம் கையெழுத்துக்குப் போனால் மூன்று நாளுக்கு எங்கே போவது? இன்னொரு பக்கம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார் என்று ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படிச் செய்தால் அது அடைத்துக்கொள்ளலாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பெண்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதிக உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வருபவருக்கு ஹீமோகுளோபின் எப்படி இருக்கும்? இரும்புச்சத்தை ஏற்றச் சில வாரங்கள் வேண்டும். முன்கூட்டியே பார்த்திருந்தால் மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்திருக்கலாம். கடைசி நேரத்தில் தெரிந்தால் “ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்க” என்று வீட்டு ஆட்களை அலையவிடுவார்கள்.

குறை நம்மிடம் மட்டும் இல்லை. பல இடங்களில் மயக்க மருந்து டாக்டரை நோயாளி முதன்முதலாகப் பார்ப்பதே தியேட்டர் வாசலில்தான். பேக்கேஜ் எவ்வளவு, ரூம் ஏசியா என்று கேட்கும்போதே, “மயக்க மருந்து டாக்டரை என்னைக்குப் பார்க்கலாம்?” என்றும் கேளுங்கள். ஆபரேஷன் அன்னைக்குக் காலையில் என்று பதில் வந்தால், சில வாரங்கள் முன்னாடியே வேண்டும் என்று அடம்பிடியுங்கள்.