தனி ஆவர்த்தனமா, போண்டாவா?

மார்கழி சீசனில் மதியக் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. அதனால்தான் கேட்க வருகிறவர்கள் இந்தப் பாடு படுத்துகிறார்கள் போலிருக்கிறது. இருபது வயதுகூட ஆகாத பெண், தோடி ராகத்தில் 'ப' என்ற பஞ்சம ஸ்வரத்தைத் தொடாமலே சுற்றிச் சுற்றி வந்து மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச 'ஸ'வில், நிற்கிறாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பக்கத்து மாமா அந்த நேரம் பார்த்துத்தான் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து முறுக்கு கடிக்கிறார். சரி, கடிக்கட்டும். கீர்த்தனை மிஸ்ர சாப்பு தாளம், ஏழு எண்ணிக்கை. மனிதர் தொடையில் ஓங்கி எட்டு போடுகிறார்! பாழாய்ப்போன என் கையும் அவர் பின்னாலேயே போய்விட்டது.

அப்புறம் தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் பேசும் நேரம். மிருதங்கக்காரப் பையன் முதல் சொல்லை வாசித்ததுமே பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்கு நடையைக் கட்டியது. மடக்கு நாற்காலிகள் வேறு படார் படார் என்று தப்புத் தாளம். மாமா காபியோடு திரும்பி வந்து என்னிடம் கேட்கிறார்: "மங்களம் ஆயிடுத்தா?"