30 இடங்கள் அல்ல, 30 பெயர்கள்

வணக்கம். அருணாசலப் பிரதேசத்தில் 30 இடங்களைச் சீனா பிடித்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். குன்னூரில் பலரும் இதைப் பகிர்ந்துவருகிறார்கள்.

அந்த 30 என்பது பெயர்களின் எண்ணிக்கை. 2024 மார்ச் கடைசியில் சீனாவின் குடிமை விவகார அமைச்சகம் அருணாசலத்தின் 11 ஊர்கள், 12 மலைகள், 4 ஆறுகள், ஓர் ஏரி, ஒரு கணவாய், ஒரு நிலப்பகுதி ஆகியவற்றுக்குத் தன் பெயர்களைச் சூட்டிப் பட்டியல் வெளியிட்டது. 2017-இல் 6, 2021-இல் 15, 2023-இல் 11 என்று முன்பும் இதையே செய்தது. எல்லைத் தகராறு உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் நம் ஹட்டிக்கு (படுகர் சிற்றூருக்கு) வேறு பெயர் எழுதி வைத்தால் பட்டா மாறிவிடுமா?

சரிபார்ப்பது எளிது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் 2024 ஏப்ரல் 2 தேதியிட்ட மறுப்பைப் பாருங்கள். பெயர் சூட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. அப்புறம், அதே ஏப்ரல் 19 அன்று அருணாசலத்தில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் முடிவுகள் இருக்கின்றன.

செய்தித் தலைப்பில் 'பெயர்' என்ற சொல் விழுந்துபோனால் பொருளே மாறிவிடுகிறது. குன்னூர் பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கும் வெலிங்டனைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் ராணுவத்தில் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களும் இதைப் படிக்கிறார்கள். நண்பரே, தயவுசெய்து '30 இடங்களைச் சீனா பிடித்துவிட்டது' என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.