தோத்தா எவ்வளவு?

மாமா: இந்த அமெரிக்க பாஸ்கெட்பால் டீம் 4-28ஆ? முதல் குவார்ட்டர்லயேவா?

மாப்ள: குவார்ட்டரே கிடையாது மாமா. இங்க காலேஜ் பசங்க மேட்ச்சுல 20 நிமிஷம், 20 நிமிஷம்னு ரெண்டு பாதிதான். அது ஸ்கோரும் இல்ல. 2022-23 சீசன் மொத்தக் கணக்கு. 4 ஜெயிச்சு, 28 தோத்தாங்க.

மாமா: எந்த டுபாக்கூர் காலேஜுடா?

மாப்ள: லூயிவில் யுனிவர்சிட்டி! 1980, 1986ல நேஷனல் சாம்பியன். 2013லயும் ஜெயிச்சு, அந்தப் பட்டத்தை அப்புறம் புடுங்கிட்டாங்க. நேத்து ஆத்தங்கரையில "கல்யாண மண்டபமா"ன்னு கேட்டீங்களே, அந்த யம் சென்டர்தான் இவங்க கோர்ட்டு. 22,000 பேர் உக்காரலாம்.

மாமா: எங்க ஸ்கூல் வளையத்துல வலை கூட கிடையாது. ஆனா நாங்க ஒரு வருஷத்துல 28 தோத்ததில்ல.

மாப்ள: நீங்க வருஷத்துக்கு ரெண்டு மேட்ச்தானே ஆடுனீங்க.

மாமா: குறுவட்டப் போட்டி நாக்-அவுட்டுடா. தோத்தா அன்னைக்கே பஸ் ஏறிற வேண்டியதுதான். 28 தடவை தோக்க எவன் விடுவான்?

மாப்ள: எல்லாமே பெரிய அடி இல்ல மாமா. முதல் மூணு மேட்ச்சும் சின்ன காலேஜுங்ககிட்ட, ஒரே ஒரு பாயிண்ட்ல போச்சு. பெல்லார்மின்கிட்ட 67-66. ரைட் ஸ்டேட்கிட்ட 73-72. அப்பலாச்சியன் ஸ்டேட்கிட்ட 61-60.

மாமா: ஒரு பாயிண்ட்டுன்னா ஃப்ரீ த்ரோவைப் பாரு. பசங்க பிராக்டிஸ் ஆரம்பத்துல, வியர்க்காம நின்னு, பத்துக்கு எட்டு போடுவானுங்க. மேட்ச் கடைசியில எவனுக்கு மூச்சு இருக்கு? கோர்ட்டை நாலு ரவுண்டு ஓடவிட்டு, இளைக்கும்போது ரெண்டு போடச் சொல்லணும். விட்டா மறுபடி நாலு ரவுண்டு.

மாப்ள: இங்க இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு பாதியில எதிர் டீம் ஏழாவது ஃபவுல் பண்ணா, முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தாத்தான் ரெண்டாவது. முதலாவது விட்டா அதோட சரி. பத்தாவது ஃபவுல்ல இருந்துதான் ரெண்டும் நிச்சயம்.

மாமா: பார்த்தியா. சரி, பந்தை எதிராளி வளையத்துக்குக் கொண்டு வர்றது யாரு?

மாப்ள: எல் எல்லிஸ். பெரும்பாலும் அவரு ஒருத்தர்தான்.

மாமா: முடிஞ்சுது கதை. ரெண்டு பேர் போய் மறிச்சா போதும். அவனுக்குப் பின்னாடி ஒருத்தன், நடு வட்டத்துல உயரமானவன் ஒருத்தன், சைடு லைன்ல ஒருத்தன் நின்னாத்தான் பந்து வெளிய வரும். எல்லாரும் முன்னாடி ஓடிட்டா அவன் யாருக்குக் குடுப்பான், அம்பயருக்கா?

மாப்ள: ரெஃப்ரி மாமா.

மாமா: எவனோ ஒருத்தன். ஆமா, இந்தச் சின்ன காலேஜெல்லாம் எதுக்கு இவங்க ஊருக்கே வந்து ஆடுறான்?

மாப்ள: பெரிய காலேஜ் காசு குடுத்துக் கூப்பிடும். நவம்பர், டிசம்பர்ல சுலபமா நாலஞ்சு ஜெயிச்சு வெச்சுக்கலாம்ல. ஒரு மேட்ச்சுக்கு 80,000, 90,000 டாலர் வரைக்கும் குடுப்பாங்க. சின்ன காலேஜோட விளையாட்டு பட்ஜெட்டுக்கு அது பெரிய கை குடுக்கும்.

மாமா: வந்து தோத்துட்டுப் போக, காசு.

மாப்ள: ம்.

மாமா: வந்தவன் ஜெயிச்சுட்டா?

மாப்ள: காசு காசுதான். செக்கைத் திருப்பிக் கேக்க முடியாது.

மாமா: அப்ப மொய்யும் வெச்சு, மொத்தும் வாங்கி அனுப்பியிருக்கானுங்க!

மாப்ள: 2022 டிசம்பர்ல லிப்ஸ்காம்ப்னு ஒரு சின்ன காலேஜ் வந்து அடிச்சுது. அடுத்த டிசம்பர்ல அர்கன்சா ஸ்டேட் 75-63ன்னு அடிச்சுது.

மாமா: செக்கு?

மாப்ள: எந்த மேட்ச்சுக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படி மாமா தெரியும்? பொதுவா வாங்கிட்டுத்தான் போவாங்க.

மாமா: சரி, அந்த எல்லிஸ் பையன் அடுத்த வருஷம் தேறிட்டானா?

மாப்ள: அவர் அர்கன்சாவுக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டார்.

மாமா: கலந்தாய்வுலயா?

மாப்ள: போர்ட்டல்னு ஒண்ணு இருக்கு மாமா. பேரைப் பதிஞ்சா எந்த காலேஜ் வேணா பேசலாம். முன்னெல்லாம் மாறுனா ஒரு வருஷம் சும்மா உக்காரணும். 2021ல முதல் மாறுதலுக்கு அதை எடுத்துட்டாங்க.

மாமா: சிபாரிசுக் கடிதம் இல்லாம மாறுதலா? எனக்குத் தேனியில இருந்து கம்பம் போக ஒன்பது வருஷம் ஆச்சு. சரி, கோச்சை என்ன பண்ணாங்க?

மாப்ள: கென்னி பெய்ன். 1986 சாம்பியன் டீம்ல ஆடுனவரு, ஊருக்கே செல்லம். தலைமைக் கோச்சா அதுதான் முதல் வேலை. ரெண்டாவது வருஷம் 8-24. ரெண்டும் சேர்த்து 12-52. 2024 மார்ச்ல அனுப்பிட்டாங்க.

மாமா: பாவம். பஸ் காசாவது குடுத்தாங்களா?

மாப்ள: 80 லட்சம் டாலர்.

மாமா: ...

மாப்ள: ஆறு வருஷ ஒப்பந்தம் மாமா. நடுவுல அனுப்புனா குடுத்துத்தான் ஆகணும்.

மாமா: அன்னைக்கு டாலர் 83 ரூபா. 66 கோடிடா! 52 தோல்விக்குப் பங்கு போடு... ஒரு தோல்விக்கு ஒண்ணேகால் கோடிக்கு மேல வருது. மாப்ள, ரிட்டயர்டு பி.இ.டி.யை எடுப்பாங்களா? நான் 53 தோத்துத் தரேன்.

மாப்ள: அடுத்து வந்த கோச் பாட் கெல்சி, டீமையே போர்ட்டல்ல இருந்து புதுசாக் கட்டி, முதல் வருஷமே 27-8 மாமா.

மாமா: ஜெயிக்கிறவனைப் பத்தி எனக்கெதுக்கு? தோத்தா எவ்வளவு, அதைச் சொல்லு. அந்த 28லயும் ஓடுனானுங்களே பசங்க, அவனுங்களுக்கு?

மாப்ள: ஸ்காலர்ஷிப். கொஞ்சப் பேருக்கு விளம்பரக் காசு. காலேஜே நேரா காசு குடுக்கலாம்னு ஆனது 2025 ஜூலையிலதான்.

மாமா: ஆக, ஓடுனவனுக்குப் படிப்பு, உக்காந்திருந்தவருக்கு 66 கோடி.

மாப்ள: அவரையும் குத்தம் சொல்ல முடியாது மாமா. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்.

மாமா: அவரை யாருடா சொன்னா? அந்த ஒப்பந்தத்தை அவருக்காகப் பேசி முடிச்ச வக்கீல் யாருன்னு விசாரி. பந்தைக் கொண்டு வர அந்தாளை விட்டிருந்தா டீம் தேறியிருக்கும்.