ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கார் உரிமம் போதுமா?

அமெரிக்கக் கிடங்குகளில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை இயக்கக் கார் உரிமம் இருந்தால் போதும் என்றும், வண்டியைச் சோதிப்பது மெக்கானிக்கின் வேலை மட்டுமே என்றும் வாட்ஸ்அப்பில் பரவிவரும் தகவல் தவறானது.

அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் ஓஷா என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் 1910.178 விதிப்படி, உரிய பயிற்சி பெற்று, பணியிடத்தில் மதிப்பிடப்பட்டு, நிறுவனத்தின் சான்றும் பெற்றவரே இவ்வண்டியை இயக்கலாம். 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரது திறன் மீண்டும் மதிப்பிடப்பட வேண்டும். வண்டியையும் நாள்தோறும் பயன்பாட்டுக்கு எடுக்கும் முன் சோதித்தாக வேண்டும். இரவும் பகலும் ஓடும் வண்டியானால், ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்த பிறகு.

இச்சோதனை நடைமுறையில் பெரும்பாலும் ஓட்டுநரிடமே வந்து சேர்கிறது. பிரேக், ஹாரன், டயர் ஆகியவற்றோடு, சுமையைத் தாங்கும் ஃபோர்க்கின் வளைவில் விரிசல் விட்டிருக்கிறதா, தூக்கும் சங்கிலி தளர்ந்திருக்கிறதா, வண்டியின் அடியில் ஹைட்ராலிக் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்றும் அவர் குனிந்து பார்த்து, குறையை உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கிறார். பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. எவ்வளவு அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. சுமை முன்பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டுவதும், ஓட்டுநர் வண்டியை விட்டு 25 அடியோ அதற்கு மேலோ விலகிச் செல்வதானால் ஃபோர்க்கை முழுமையாகக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பிரேக் போடுவதும் விதியில் உள்ளவையே.

விதியின் முழு வாசகம் ஓஷாவின் இணையதளத்தில் உள்ளது. வாட்ஸ்அப்பில் வரும் அந்தத் தவறான தகவலை நம்பி ஒருவர் பயிற்சியின்றி வண்டியில் ஏறினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.