கற்பித்த நேரமும் அனுபவம்தான்

அமெரிக்காவில் ஸ்போர்ட் விமானம் எனப்படும் சிறிய, எளிய விமானங்களில் பயிற்சியாளராகக் கற்றுக்கொடுத்த நேரத்தை, மற்ற விமானங்களிலும் கற்பிக்கும் உயர்நிலைப் பயிற்சியாளர் தகுதிக்குக் கணக்கில் எடுக்கவே கூடாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தரையிறங்கும் கடைசி நொடிகளில் மாணவர் பதறிப்போய்க் கட்டுப்பாட்டுக் கோலைச் சட்டென்று பின்னால் இழுப்பார்; விமானம் மறுபடி மேலெழும்பி வேகம் இழக்கும். கோலுக்கு அருகிலேயே கையை வைத்துக்கொண்டு, எதுவரை அவரையே சமாளிக்க விடலாம், எப்போது தன் கைக்கு வாங்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பக்குவம் சிறிய ஸ்போர்ட் விமானத்திலும் பெரிய விமானத்திலும் அதேதான்.

மாணவர் விஷயத்தில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமே 2018இல் இறங்கிவந்தது. ஸ்போர்ட் பயிற்சியாளரிடம் பெற்ற பயிற்சியில் ஒரு பகுதியை, அடுத்த படியான தனியார் விமானி (சம்பளமின்றிச் சொந்தத் தேவைக்குப் பறப்பவர்) உரிமத்துக்குக் கணக்கில் காட்டலாம். கற்றவருக்குச் செல்லுபடியாகும் நேரம் கற்பித்தவருக்கு மட்டும் ஏன் செல்லாது?

இரவில் பறப்பதும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதும் வேறு. அவற்றில் சலுகை கேட்கவில்லை. ஸ்போர்ட் பயிற்சியாளருக்கு 150 மணி நேரம் பறந்திருந்தால் போதும், உயர்நிலைப் பயிற்சியாளருக்குத் தேவையான வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 வேண்டும் என்பதும் தெரியும். அந்த இடைவெளிக்குத் தேர்வு வையுங்கள், கடுமையாகவே வையுங்கள். ஆனால் மாணவர்களைத் தனியாகப் பறக்க அனுப்பிக் கையெழுத்திட்ட ஒருவரை, நேற்று வந்தவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம்.