67 பேரை வைத்துத் தீர்ப்பு எழுதுபவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்! "மீட்புப் பணியாளர்களுக்குக் கவுன்சலிங் எல்லாம் வீண், ஆய்வே சொல்லிவிட்டது." கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சரி, எழுதித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவர் காட்டும் ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் 67 பேர், அவர்களையும் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். கோரமான சம்பவத்துக்குப் பிறகு ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தால் பி.டி.எஸ்.டி. (கோரமான அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு) அறிகுறிகள் குறைகின்றனவா என்று பார்த்ததில், புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பலன் இல்லை என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. பெரிய கண்ணி வலையை வீசிவிட்டு, கடலில் நெத்திலியே கிடையாது என்று கரையில் நின்று அறிவிக்கிறார் மனிதர். அதே ஆய்வில், பேசவைத்த குழு ஒரு குழுவைவிடக் குறைவாகக் குடித்தது, இன்னொரு குழுவைவிட வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. அந்த வரிகள் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்பட்டுவிட்டன, தற்செயலாகத்தான் இருக்கும்.

"அந்த முடிவுகளும் அதே 67 பேரிடமிருந்துதானே வந்தன?" என்பீர்கள். ஆமாம், அதனால்தான் நான் அதை வைத்து எமோஜி போடவில்லை.

"பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வே, இப்படிப் பேசவைப்பதால் தீங்கு வரலாம் என்கிறதே?" இதையும் எதிர்பார்த்தேன். அதில் அதிகம் பேசப்படும் 1997 ஆய்வு தீக்காய நோயாளிகளைப் பற்றியது. 13 மாதம் கழித்து, பேசவைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி., மற்றவர்களில் 9. ஆனால் பேசவைத்த குழுவுக்குத் தொடக்கத்திலேயே காயம் மோசம். அதுவும் கட்டிலில் கிடந்தவர்களிடம் தனியாகவோ துணையோடு சேர்த்தோ பேசியது. ஷிஃப்ட் முடிந்து வந்த குழுவிடம் அல்ல. முதல் ஆய்வின் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்பதும் பி மதிப்பை வைத்துச் சொன்னதுதான்; உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண் அது. அந்த எண் விளைவின் அளவைச் சொல்லாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016லேயே எழுதிவைத்தாயிற்று. படித்தால்தானே.

என் மாமா தீயணைப்பில் இருந்தவர். ஒரு பஸ் விபத்துக்குப் பிறகு கறிக்கடைத் தெரு வழியே போகவே மாட்டார், சைக்கிளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு தடவை யாரோ கேள்வித்தாள் கொடுத்தார்கள். தூக்கம் கெடுகிறதா? இல்லை. காட்சிகள் திரும்ப வருகின்றனவா? இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு வந்து அத்தையிடம் சிரித்தார்: "ஆமான்னு போட்டா வண்டில ஏத்த மாட்டானுங்கடி." அந்தத் தாளும் யாரோ ஒருவருடைய டேட்டாவாகப் போயிருக்கும், ஆரோக்கியமான மனிதர் ஒருவர் என்ற கணக்கில்.

நான் உணர்ச்சிவசப்படுகிறேன், அறிவியல் பேசவில்லை என்று யாராவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இடம் கேட்டால் உடனே பி மதிப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற எல்லையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, வருடாவருடம் வீரர்களுக்குச் சால்வை போட்டு போட்டோ எடுக்கிறீர்கள், அந்த விழாவுக்கு என்றைக்காவது பி மதிப்பு கேட்டதுண்டா?