பீரங்கிப் பயிற்சி இல்லாத நாளில் அந்த நிலம் யாருடையது?

ராணுவத்துக்குப் பயிற்சி நிலம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பீரங்கியை மொட்டை மாடியில் வைத்தா சுட்டுப் பழக முடியும்? ஆனால் 'நாட்டுப் பாதுகாப்பு' என்று யாராவது சொல்லிவிட்டால் அதன்பிறகு யாரும் வாயே திறக்கக் கூடாது என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் டார்செட் கடற்கரையை ஒட்டி டைனம் என்று ஒரு சின்ன ஊர். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்தார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பித்தான் மக்கள் போனார்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது, யாரும் வீடு திரும்பவில்லை. அநியாயம்தான். ஆனாலும் பொதுமக்கள் விடாமல் கேட்டுக் கேட்டு 1970களில் பாதைகளைத் திறக்க வைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் அந்த ஊர் அடங்கிய லல்வொர்த் சுடுதளத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். மஞ்சள் அடையாளக் கம்பங்களைத் தாண்டக் கூடாது (வெடிக்காத குண்டு கிடக்கும்), சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். ஜார்க்கண்டின் நேதர்ஹாட்டில் 1964 முதல் பீரங்கிப் பயிற்சி நடந்தது. அதற்குக் கைகொடுத்தது 1938இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். பயிற்சி நேரத்தில் அபாயப் பகுதியிலிருந்து ஆளையும் மாட்டையும் வெளியேற்ற அதில் இடமுண்டு. வெளியேறியவர்கள் வார இறுதியில் கேமராவோடு வந்தவர்கள் இல்லை, அங்கேயே பயிர் வைத்து, மாடு மேய்த்து, இலுப்பைப் பூ பொறுக்கி வாழ்கிற ஆதிவாசிகள். 90களின் தொடக்கத்தில் 245 கிராமங்கள், 1,471 சதுர கிலோமீட்டர் என்று எல்லையை விரித்தார்கள். 1994 மார்ச் 22 அன்று பயிற்சிக்கு வந்த ராணுவ வண்டிகளைப் பெண்கள் முன்னால் நின்று மறித்தார்கள், வண்டிகள் திரும்பிப் போயின. அதற்கப்புறம் அங்கே சுடவில்லை. ஆனாலும் அந்த இடத்தைச் சுடுதளமாக வைத்திருக்கும் அரசு அறிவிக்கையை 1999இல் 2022 மே வரை நீட்டித்துவைத்தார்கள்! சுடாத இடத்துக்கு எதற்கு இந்த நீட்டிப்பு? வண்டிகள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்ற பயத்தில் மக்கள் வருடா வருடம் மார்ச்சில் கூடிக்கொண்டே இருந்தார்கள். 2022 ஆகஸ்டில்தான் ஜார்க்கண்டின் ஹேமந்த் சோரன் அரசு, இனி நீட்டிப்பதில்லை என்று முடிவெடுத்தது.

இரண்டும் ஒன்றல்ல, தெரியும். அங்கே இன்றைக்கு இருப்பது நடைபாதைப் பிரச்சினை, இங்கே இருந்தது வயிற்றுப் பிரச்சினை. அதனால்தான் இங்கே விதி இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும் என்கிறேன். நேதர்ஹாட், ஆதிவாசிகளுக்கு அரசியல் சாசனம் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அத்தகைய பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் 1996லேயே வந்துவிட்டது, அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் அந்த நீட்டிப்பு.

இனி எந்த மலையைச் சுடுதளமாக அறிவித்தாலும் எல்லை எது, வருடத்தில் எத்தனை நாள் சுடுவார்கள், அறிவிக்கை என்றைக்கு முடியும் என்பதை எல்லாம் முதலில் கிராம சபையில் வைத்துப் பேசட்டும், அந்த ஊர்க்காரர்களின் மொழியில். வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளை யார் பொறுக்குவது என்பதையும் சேர்த்து.